முப்பது வருடம் வாழும் பாம்பு

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு இவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "யோகம், வெளிக்கிடும். பிக்கரிங்குக்குப் போய்ப் பாம்பு பாத்துக்கொண்டு வருவம்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்டிக்குள் போட்டு உடைத்திருப்பேன். வேறொரு நாளென்றால் உடைத்தும் இருப்பேன். அன்றைக்கு அவரோடு கோபிக்க எனக்கு வாயில்லை.

காரணத்தை முதலே சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் இவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று கிழமையாக மறைத்து வைத்திருந்த விஷயம்.

இவர் என்றால் என் கணவர் தில்லையம்பலம். வயது அறுபத்துமூன்று. கனடாவில், ஸ்கார்பரோவில் கார் இருக்கை செய்யும் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் நின்றவர். அந்த லைனில் பாதிப் பேர் தமிழர், சுப்பர்வைசரும் தமிழன். அதனால் இவருக்கு ஆங்கிலம் பெரிதாகத் தேவைப்படவில்லை. நான் மருந்துக்கடைக் கவுண்டரில் இருபத்திரண்டு வருடம். ஆகவே எங்கள் வீட்டில் ஆங்கிலம் என்னுடைய இலாகா. வங்கியானாலும், பிள்ளையின் பள்ளிக்கூடக் கூட்டமானாலும், ஆஸ்பத்திரியானாலும் இவர் பக்கத்தில் கைகட்டி இருப்பார், நான் கதைப்பேன், பிறகு இவர் பக்கம் திரும்பித் தமிழில் சொல்வேன். முப்பத்தொரு வருடமாக இதுதான் நடைமுறை.

மூன்று கிழமைக்கு முன்பும் அப்படித்தான். டொக்டர் பெண், மெல்லிய குரல். நாலு நிமிடம் கதைத்தா. கணையத்தில் புற்றுநோய். ஈரலுக்கும் போய்விட்டது. வெட்டி எடுக்க ஏலாது. ஒரு வருடம் இருந்தால் அதுவே கூடுதல். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன், பிறகு இவர் பக்கம் திரும்பினேன். டொக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று நீலச் சேட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்தக் கொலரைப் பார்த்ததும் என் நாக்கு மாறிவிட்டது.

"கணையத்தில சின்னக் கட்டியொண்டாம். மருந்து தந்து பாப்பினமாம்" என்றேன்.

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ? கனநேரம் கதைச்சவ."

"இங்கிலீசில எல்லாத்தையும் நீட்டித்தானப்பா சொல்லுவினம்."

டொக்டர் என் முகத்தையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தா. இவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வரும் வழியில் கொத்துரொட்டி வேண்டும் என்று கேட்டார். வாங்கிக் கொடுத்தேன்.

மகள் நிலக்சி மார்க்கம் நகரில் வேலை செய்கிறாள். போன் பண்ணிச் சொன்னபோது அலுவலகக் கார் பார்க்கில் இருந்து விம்மினாள். "அப்பாட்டச் சொல்லிப்போடாதேங்கோம்மா. அவர் உடைஞ்சு போயிடுவார்" என்றாள். எங்கள் ஆட்களுக்கு இது புதிதா என்ன? எங்கள் தெருவிலேயே ஒரு மனுசன் தனக்கு வெறும் காஸ்ரிக் வயிற்றுநோ என்று நினைத்துக்கொண்டே புற்றுநோயில் செத்தார். "ஒண்டும் தெரியாமல் நிம்மதியாப் போனவர்" என்று செத்தவீட்டில் பெருமையாகச் சொன்னார்கள். நிம்மதியாகப் போனாரா என்று அந்த மனுசனை ஆராவது கேட்டார்களா? நானும்தான் கேட்கவில்லை. வடை சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் இருந்து தாதி ஒருத்தி அழைத்தாள். திங்கள் பத்து மணிக்கு வாருங்கள், இந்த முறை எங்களுடைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார், குடும்பத்தவர் மொழிபெயர்க்கத் தேவையில்லை என்றாள். கீமோ எடுப்பதா விடுவதா என்பதை அவர் வாயால்தான் சொல்ல வேண்டுமாம். நான் அவருடைய மனைவி, எனக்குத் தெரியும் என்று சண்டை பிடித்தேன். அவள் பணிவாக அதையே திருப்பிச் சொன்னாள். அந்தப் பணிவுதான் எனக்கு ஆகவே ஆகாது.

நான் முடிவு எடுத்து வைத்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கீமோ எடுக்கத்தான் வேண்டும், எத்தனை தரமானாலும். இவருக்குச் 'சின்னக் கட்டிக்கு மருந்து' என்று சொல்லியே ஏற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். இப்போது ஆரோ முன்பின் தெரியாத ஒரு ஆள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து என் மனுசனிடம் உண்மையைச் சொல்லப்போகிறது. அதோடு நான் சொன்ன பொய்யும் வெளியே வரும். வியாழன் சொல்லப் பார்த்தேன், முடியவில்லை. வெள்ளி சொல்லப் பார்த்தேன், புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தார். சனி விடிந்ததும் பாம்பு.

இவருக்கு இந்தப் பாம்புப் பைத்தியம் எப்படி வந்தது என்று சொன்னால்தான் விளங்கும். 2007இல் எங்கள் மோர்னிங்சைட் வீட்டின் பேஸ்மென்றில், கீழ்த்தள அறையில், ஒரு படிக்கிற பெடியன் வாடகைக்கு இருந்தான். பரீட்சை முடிந்து போனவன் கண்ணாடித் தொட்டியொன்றை விட்டுவிட்டுப் போய்விட்டான். உள்ளே போல் பைதன் என்கிற மலைப்பாம்பு, என் கையளவு மொத்தம். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். மாநகரசபைக்குப் போன் அடியுங்கோ என்று கத்தினேன். இவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். "வெளியில மைனஸ் பதினஞ்சு. உதை எங்கை கொண்டே விடுறது?" என்றார். அவ்வளவுதான். பதினெட்டு வருடம் இருந்தது.

எந்த நேரமும் நித்திரை கொள்ளும் ஊர்க் கிழவர் ஒருவரின் பெயரை, கந்தப்பு என்று, அதற்கு வைத்தார். பிறீசரில் ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் உறைந்த எலி என் ஆட்டிறைச்சிக்குப் பக்கத்தில் இருக்கும். ஒருநாள் விருந்தாளிகளுக்கு ஐஸ்கிறீம் கொடுக்கப் போய் நான் பட்ட பாடு! முன்வீட்டு அன்ரி ஒருத்தி நாகதோஷம் கழிய வேண்டும் என்று வெள்ளிக்கிழமைகளில் பாலும் முட்டையும் கொண்டுவந்து அறை வாசலில் வைப்பா. "அன்ரி, உது பால் குடியாது" என்று இவர் கும்பிட்டுச் சொல்லியும் கேட்கவில்லை. பாலை நானே தயிராக்கினேன். சொந்தக்காரர் எங்கள் வீட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருவதை நிறுத்தினார்கள். இவர் வேலை முடிந்து வந்ததும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் இருப்பார். தொழிற்சாலையில் நடந்ததெல்லாம் அதற்குச் சொல்வார். எனக்கு ஒன்றும் சொல்லமாட்டார். பாம்பில் பொறாமைப்பட்ட பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இந்த வருடம் பங்குனியில் கந்தப்பு செத்தது. நிலம் இறுகிக் கிடந்ததால் புதைக்கக் கிடங்கு வெட்ட முடியவில்லை. ஐந்து கிழமை பிறீசரில் என் மீன் பெட்டிக்கு மேல் வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தார். அதன் பிறகு இவர் பாம்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. இப்போது, இந்தச் சனிக்கிழமை, திறக்கிறார்.

காரை நான்தான் ஓட்டினேன். அண்மைக்காலமாக இவர் கெதியாகக் களைத்துவிடுகிறார். போன குளிருக்கு இறுக்கமாக இருந்த ஜக்கற் இப்போது தோளில் தொங்கியது. அதைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தேன். சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் அடுக்கினேன். அடுத்த சிவப்பு விளக்கில் சொல்லலாம் என்று நினைத்தேன். விளக்குகள் எல்லாம் பச்சையாகவே விழுந்தன. பாழாய்ப்போன விளக்குகள்.

"மூண்டு சாதி பாத்து வைச்சிருக்கிறன்" என்றார் இவர். "கோர்ன் ஸ்நேக். ஹொக்நோஸ். இல்லாட்டில் பழையபடி போல் பைதன். நீர் என்ன நினைக்கிறீர்?"

பதினெட்டு வருடத்தில் பாம்பைப் பற்றி என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை.

"இஞ்சேருங்கோ," என்றேன். "திங்கக்கிழமை ஆஸ்பத்திரியில..."

"எக்சிற்றை விட்டிடப்போறீர், பாத்து ஓடும்" என்றார்.

பாம்பு விற்கிறவன் றூபன் என்ற பெடியன். முப்பத்தைந்து வயதிருக்கும். மார்க்கம் நகரில் கம்பியூட்டர் வேலை. வீட்டின் பேஸ்மென்றில் பாம்பு வளர்ப்பு. சூடான அறை. சுவர் நிறைய இழுப்பறைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பாம்பு. நான் வாசல்படியிலேயே நின்றேன். கைப்பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தேன்.

"வாங்கோ அன்ரி, ஒண்டும் செய்யாது" என்றான் றூபன்.

"நீ சொல்லுவாய் தம்பி."

முதலில் கோர்ன் ஸ்நேக் குட்டியொன்றை எடுத்தான். செம்மஞ்சள் நிறம், சப்பாத்துக் கயிறு போல விரலுக்குள் ஓடியது. இவர் வாங்கிப் பார்த்தார். "எத்தினை வருசம் இருக்கும்?" என்று கேட்டார்.

"பதினஞ்சு, இருபது, அங்கிள்."

இவர் தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார். கந்தப்புவுக்கு என்ன தின்னக் கொடுப்பது என்றுதான் முன்பெல்லாம் கேட்டுத் திரிந்தவர். பாம்பின் ஆயுளை இவர் விசாரித்து நான் கண்டதே இல்லை.

அடுத்தது ஹொக்நோஸ். பன்றி மூக்கு மாதிரி மேலே வளைந்த மூக்கு. றூபன் தொட்டதும் கழுத்தைத் தட்டையாக்கிச் சீறியது. பிறகு திடீரென்று முறுகி, மல்லாக்கப் புரண்டு, வாயைப் பிளந்து நாக்கை வெளியே போட்டது. "ஐயோ, செத்துப்போச்சு!" என்று கத்திவிட்டேன்.

"இல்லை அன்ரி, நடிக்குது. பயந்தால் உப்பிடித்தான். செத்தமாதிரிக் கிடக்கும்."

இவர் குனிந்து அதைப் பார்த்துச் சிரித்தார். "உது வேண்டாம் தம்பி. எங்கடை வீட்டில உள்ள நடிப்பே காணும்" என்றார்.

இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னத்தைச் சொல்கிறார்? தெரிந்துதான் சொல்கிறாரா? சும்மா பகிடியா? பகிடியென்றால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார். கேட்கவும் பயம், கேட்காமல் நிற்கவும் பயம்.

மூன்றாவது போல் பைதன் குட்டி. பெருவிரல் மொத்தம், கறுப்பும் பொன்னும். தலையை உள்ளே வைத்துச் சுருண்டு உருண்டையாகக் கிடந்தது. இவர் இரண்டு கையையும் நீட்டினார். கையில் வைத்ததும் இவர் முகம் மாறியது. அந்த முகத்தை நான் பங்குனிக்குப் பிறகு காணவில்லை.

"இது எத்தினை வருசம்?"

"முப்பது நிச்சயம் அங்கிள். நல்லாப் பாத்தால் முப்பத்தஞ்சு."

"இதை எடுப்பம்" என்றார் இவர்.

றூபன் ஒரு படிவத்தையும் பேனையையும் கொண்டுவந்தான். தான் எல்லோரிடமும் இதை எழுதி வாங்குவதாகச் சொன்னான். பாம்பு ஆட்களை விடக் கூடக்காலம் இருந்துவிடுகிறது. பிறகு பிள்ளைகள் அதைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். அதனால் ஒரு பெயர் வேண்டுமாம்.

"அங்கிள், குறை நினைக்காதேங்கோ. உங்களுக்குப் பிறகு இதை ஆர் பாப்பினம்?"

"என்ன கதை கதைக்கிறாய் நீ!" என்று பாய்ந்தேன். வாசல்படியிலிருந்து அறை நடுவுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. "வீட்டுக்கு வந்த ஆக்களிட்டை உப்பிடியோ கேக்கிறது? ஒரு மட்டுமரியாதை இல்லையோ? உன்ரை பாம்பும் வேண்டாம், ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம். நீங்கள் வாங்கோப்பா, போவம்!"

றூபன் பேயறைந்தவன் மாதிரி நின்றான். இவர் அசையவில்லை.

"அந்தப் பெடியன் சரியாத்தானே கேக்குது" என்றார். பிறகு றூபனைப் பார்த்து, "எனக்கு ஒரு வருசம்தான் தம்பி. அதுவும் கூடினால். டொக்டர் சொன்னவ" என்றார்.

றூபன் என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். "நான் மேல போயிட்டு வாறன்" என்று மெல்லப் படியேறினான்.

"ஆர் சொன்னது?" என்றேன். "நிலக்சியோ?"

"பிள்ளையை இழுக்காதையும். டொக்டர் சொல்லேக்கை நானும் பக்கத்திலதானே இருந்தனான்."

"உங்களுக்கு விளங்கினதோ?"

இவர் அங்கிருந்த பிளாஸ்ரிக் ஸ்ரூலில் இருந்தார். "கந்தப்புவை மிருக டொக்டரிட்டை நான் தனியத்தானே கொண்டுபோனனான். நீர் பாம்போடை காரில வரமாட்டன் எண்டீர். அதுக்கும் உதுதான், யோகம். உள்ளுக்கை கட்டி. 'ஸ்பிரெட்' எண்டு சொன்னவர். 'பலியேற்றிவ்' எண்டவர். ஒவ்வொரு சொல்லா எழுதித் தரச்சொல்லி வாங்கி, காருக்குள்ளை இருந்து ரெலிபோனில அடிச்சுப் பாத்தனான். பரவிப்போச்சு, இனி நோவைக் குறைக்கிறது மட்டும்தான் எண்டு கிடந்தது. உம்மோடை கதைச்ச டொக்டர் பிள்ளையும் அதே சொல்லுகளைத்தான் சொன்னவ."

எனக்கு அழுகை வர முதல் கோபம்தான் வந்தது. "தெரிஞ்சுகொண்டோ மூண்டு கிழமை இருந்தனீங்கள்? கொத்துரொட்டி வாங்கித் தா எண்டு கேட்டீங்களே, பாவி மனுசா! நான் ஒவ்வொரு நாளும் குளியலறைக்குள்ளை தண்ணியைத் திறந்துவிட்டிட்டு அழுதது தெரியுமோ?"

"தெரியும். தண்ணி கனநேரம் ஓடினது."

"பிறகேன் கேக்கேல்லை?"

"நீர் அண்டைக்கு வேர்த்து வேர்த்துச் சொன்னீர். சின்னக் கட்டியெண்டு. நான் அதுக்கு மேல என்னத்தைக் கேக்கிறது?"

இவரின் தோளில் ஓங்கிக் குத்தினேன். ஜக்கற்றுக்குள் எலும்புதான் இருந்தது. அதற்குப் பிறகு என்னால் நிற்க முடியவில்லை. சீமெந்துத் தரையில் இவர் காலடியில் இருந்துவிட்டேன். இவர் ஒரு கையில் பாம்புக் குட்டியை வைத்துக்கொண்டு மற்றக் கையை என் தலையில் வைத்தார்.

"பெரிய சொல்லுகள்தான் விளங்கினது" என்றார். "இடையில கனக்கச் சொன்னவ. அது ஒண்டும் பிடிபடேல்லை. இப்ப சொல்லும். ஒண்டும் விடாமல்."

சொன்னேன். நாலு நிமிடக் கதை எனக்குப் பாடமாக இருந்தது. மூன்று கிழமையாக மனதில் வேறு என்ன ஓடியது? கணையம், ஈரல், வெட்ட ஏலாதது, நோ வந்தால் தரும் மருந்து, கடைசியில் மஞ்சளாகும் கண். கீமோ எடுத்தால் இரண்டு மூன்று மாதம் கூடலாம். சத்தியெடுப்பும் களைப்பும் இருக்கும். எடுக்காவிட்டால் வீட்டுக்கே தாதி வருவா. இவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. முடிந்துவிட்டது என்று வாயை மூடினேன். முடியவில்லை.

"வேறயும் ஒண்டு" என்றேன். "கடைசியா உங்களைப் பாத்து ஒரு கேள்வி கேட்டவ. நான் உங்களுக்குச் சொல்லேல்லை. 'இருக்கிற நாளை எப்பிடிக் கழிக்க உங்களுக்கு விருப்பம்?' எண்டு கேட்டவ."

"அதுக்கு நீர் என்ன சொன்னீர்?"

"எந்தச் சிகிச்சையெண்டாலும் எடுப்பார் எண்டனான்."

இவர் விரலால் குட்டியின் முதுகைத் தடவினார். குட்டி மெல்லத் தலையை வெளியே நீட்டியது.

"எனக்கு அந்த மருந்து வேண்டாம் யோகம். வீட்டில இருக்கப்போறன். உம்மோடை இருந்து, உது வளர்றதை ஏலுமானமட்டும் பாக்கப்போறன்."

"பிள்ளைக்காகவெண்டாலும் எடுங்கோவன். எனக்காக எடுங்கோவன். ரெண்டு மாசம் ரெண்டு மாசம்தானே!"

"டொக்டர் கேட்டது எனக்கு என்ன விருப்பம் எண்டு."

மறுத்துச் சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. ஆனால் இந்தக் கேள்வியை இவரிடமிருந்து ஒருதரம் நான் திருடிவிட்டேன். இரண்டாம் தரமும் திருட எனக்கு மனம் வரவில்லை.

றூபன் தேத்தண்ணியோடு இறங்கி வந்தான். நான் எழும்பி முகத்தைத் துடைத்தேன். "படிவத்தைத் தா தம்பி. என்ரை பேரை எழுது. யோகமலர்" என்றேன்.

அவன் தயங்கினான். "அன்ரி, பேர் எழுதுற ஆள் ஒருக்கால் கையில தூக்க வேணும். அது என்ரை சட்டம். தூக்காட்டில் நான் குடுக்கிறேல்லை."

பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்த பாம்பை நான் ஒரு நாளும் தொட்டதில்லை. இவரைப் பார்த்தேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. கடிக்குமோ?"

"கடிக்கலாம்" என்றார் இவர். "கடிச்சால் ஊசி குத்தின மாதிரி. கழுவினால் சரி."

கையை நீட்டினேன். குளிர்ந்து, உலர்ந்து, உயிரோடு இருந்தது. என் மணிக்கூட்டுப் பட்டியைச் சுற்றிப் பிடித்தது. நான் கத்தவில்லை.

திங்கட்கிழமை மொழிபெயர்ப்பாளராக வந்தவள் ஒரு சின்னப் பெண். நிலக்சியின் வயதுதான் இருக்கும். டொக்டர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்டா. இவர் எனக்குச் சொன்னதையே தமிழில் நிதானமாகச் சொன்னார். அந்தப் பிள்ளை அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினாள். நான் கைகட்டிப் பக்கத்தில் இருந்தேன். எங்காவது ஒரு சொல்லைப் பிழையாகச் சொல்லிவிட மாட்டாளா என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பிழையும் விடவில்லை.